எங்கள் ஊர்ச் சபைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷம் ஊருக்கு வேலை செய்ய நினைக்கிறோம், எங்கே தொடங்குவது?

கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஓர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோவில், ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, ஒரு லுத்தரன் சபை, இரண்டு பெந்தெகொஸ்தே ஜெபவீடுகள். வருகிற ஜனவரி முதல் டிசம்பர் வரை எல்லாரும் சேர்ந்து ஐக்கியமாக இருந்து ஊருக்கும் ஏதாவது செய்யலாம் என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். பெரிய ஐக்கிய ஆராதனையோடு தொடங்கலாமா, பணத்துக்கு என்ன வழி, ஊரில் மற்றவர்கள் "மதம் மாற்ற வருகிறார்கள்" என்று நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தேவகோட்டைப் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சி.எஸ்.ஐ. சபைக்காரன். மனைவி ஆர்.சி. குடும்பத்தில் பிறந்தவர். அதனால் இந்த விஷயம் எங்களுக்கு வீட்டுக்குள்ளேயே நடந்த விஷயம். எங்கள் ஊரில் இப்படி ஒரு முயற்சி ஒருமுறை படுத்து, அப்புறம் எழுந்தது. இரண்டு தடவையும் கூட இருந்தவன் என்கிற முறையில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: ஐக்கிய ஆராதனையோடு தொடங்காதீர்கள். அது வருஷக் கடைசியில் தானாக வரட்டும். நாங்கள் அதில்தான் தொடங்கினோம். பந்தல், மைக் செட், அழைப்பிதழ் எல்லாம் தயார். அழைப்பிதழில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதிலேயே மூன்று வாரம் போனது. மேடையில் ஒருவருக்கு நாற்காலி முன்வரிசையில், இன்னொருவருக்குப் பின்வரிசையில் அமைந்துவிட்டது. பத்து நிமிடம் பேசச் சொன்னவர் ஐம்பது நிமிடம் பேசினார். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. யாரும் கெட்டவர் இல்லை. அதற்கு முன் சேர்ந்து ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்காதவர்களை ஒரே மேடையில் உட்கார வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

நம் பக்கத்துச் சபைகள் எப்படி வந்தன என்பதை இளைஞர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு வழியாக வந்து சேர்ந்தது. ஆர்.சி. மக்களுக்கு ராமநாதபுரம் பக்கத்து ஓரியூர்தான் வேர். போர்த்துக்கல்லில் பிறந்து, இங்கே பண்டாரசாமிக் கோலத்தில் ஊர் ஊராக நடந்த குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கேதான் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டார். அன்றைக்குத் திருநீற்றுப் புதன். அந்த இடத்துச் செம்மண்ணை இன்றும் மக்கள் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகிறார்கள். மதுரையில் 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மிஷன் வழியாக வந்தவர்கள் பின்னால் சி.எஸ்.ஐ. ஆனார்கள். லுத்தரன்களுக்குத் தரங்கம்பாடி வழி. அங்கே 1706-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி வந்து இறங்கியதிலிருந்து தொடங்குகிற கதை அது. நம்ம திருப்பத்தூரில் இருக்கிற ஸ்வீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரியவர்கள் பலர் அங்கே பிறந்தவர்கள், எந்த மதமானாலும் சரி. அப்புறம் காரைக்குடியில் அழகப்பர் கல்லூரிகளும், 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் வந்தபோது, வேலைக்காக நெல்லை, குமரிப் பக்கத்திலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து குடியேறின. பெந்தெகொஸ்தே ஜெபவீடுகள் பெரும்பாலும் நம் கண்முன்னே வளர்ந்தவை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே தெருவில் எதிரெதிராகப் போகிற இந்த மக்களுக்குள் இருப்பது வெறும் உபதேச வித்தியாசம் மட்டும் இல்லை. பூர்வீகம், படிப்பு, தொழில், சாதி எல்லாம் அதற்குள் இருக்கிறது. சாதி கிறிஸ்தவத்துக்குள் இல்லை என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் செத்த பிறகும் பிரித்துத்தான் வைக்கிறார்கள். இதைப் பேசாமல் செய்கிற ஐக்கியம் மேல்பூச்சு. ஆனால் முதல் கூட்டத்திலேயே பேசினாலும் உடைந்துவிடும். சேர்ந்து வேலை செய்து ஆறு மாதம் ஆன பிறகு பேசுங்கள். அப்போது அது தாங்கும்.

எங்களுக்கு இரண்டாவது தொடக்கம் 2018 நவம்பரில் வந்தது. 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. நம் பக்கம் பெரிய சேதம் இல்லை. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னை, பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து நாலு சபையும் தனித்தனியாகப் பொருள் சேர்த்து, தனித்தனியாகக் குட்டியானை வண்டி பிடித்துப் போனோம். நாலு வண்டியும் ரோட்டோரமாக இருந்த ஒரே ஊரில் போய் நின்றன. அந்த ஊரில் ஓர் அம்மா எங்கள் ரொட்டிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, "ஐயா, இதோட நாலாவது பாக்கெட்டு. உள்ளே தெற்குப் பக்கம் ஒரு ஊர் இருக்கு, அங்க யாருமே போகலை. குடிக்கத் தண்ணி இல்லையாம்" என்றார். வெட்கமாக இருந்தது. அங்கேயே, சாய்ந்து கிடந்த தென்னைமரத்தின் மேல் உட்கார்ந்து, ஃபாதரும் எங்கள் ஐயரும் (சி.எஸ்.ஐ. போதகரை அப்படித்தான் சொல்வோம்) லுத்தரன் சபைகுருவும் பாஸ்டரும் ஒரே நோட்டில் ஊர்ப் பெயர்களை எழுதிப் பிரித்துக்கொண்டார்கள். தண்ணீர் கேன் ஒருவர் பொறுப்பு, தார்ப்பாய் ஒருவர், மெழுகுவர்த்தியும் கொசுவத்தியும் ஒருவர், வண்டி வாடகை ஒருவர். மறுவாரம் நாலு வண்டி நாலு திசையில் போனது. அந்த நோட்டைத்தான் நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம். எங்கள் ஐக்கியத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் முதல் பக்கம் அதுதான்.

உங்களுக்குப் புயல் வரவேண்டாம். ஆனால் அந்த மாதிரி ஒரு பொது நோட்டோடு தொடங்குங்கள். ஊரில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்குக் கண் தெரியவில்லை, எந்தப் பிள்ளை பத்தாவதோடு நின்றுவிட்டது என்று சேர்ந்து தெருத்தெருவாகப் போய் எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பேராகப் போகட்டும், அந்த இருவரும் ஒரே சபைக்காரர்களாக இருக்க வேண்டாம். எங்களுக்கு நன்றாக வேலை செய்த ஒரே விதி இது. ஆர்.சி. பையனும் பெந்தெகொஸ்தே பையனும் ஒரு மாதம் ஒரே சைக்கிளில் போய்வந்தால் அதற்கு மேல் அவர்களுக்கு ஐக்கியப் பிரசங்கம் தேவைப்படாது.

செட்டிநாட்டில் தனிமை என்பது மற்ற ஊர்களைப் போல் இல்லை. இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளுகிற வீடு, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் இருக்கும், உள்ளே ஓர் ஆச்சியும் ஒரு சமையல்கார அம்மாவும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். பக்கத்திலேயே ஓட்டு வீட்டில் வாட்ச்மேன் குடும்பம். வசதி வேறு வேறு. ஆனால் ராத்திரி மூச்சுத் திணறினால் கூப்பிட ஆள் இல்லாத கவலை இரண்டு வீட்டிலும் ஒன்று. அதனால் எங்கள் முதல் வேலையாகக் கண் முகாமைத் தேர்ந்தெடுத்தோம். மதுரையிலிருந்து கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பரிசோதித்து, புரை விழுந்தவர்களை அவர்கள் பஸ்ஸிலேயே கூட்டிப்போய் ஆபரேஷன் முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். இது பல ஊரில் நடப்பதுதான். முகாம் நடத்துவது பெரிய காரியம் இல்லை. இடம், பெஞ்சு, தண்ணீர், முன்கூட்டித் தண்டோரா மாதிரி ஆட்டோவில் அறிவிப்பு, இவ்வளவுதான்.

கஷ்டம் அதற்கு அப்புறம் வருகிறது. ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு முதல் வாரம் ஒரு நாளைக்குப் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டும். அப்புறமும் சில வாரம் குறைத்துக் குறைத்து விட வேண்டும். தனியாக இருக்கிற எழுபத்தைந்து வயதுக்காரர் தன் கண்ணுக்குத் தானே விட்டால் பாதி கன்னத்தில் வழியும். அங்கேதான் எங்கள் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குப்பியின் முனை இமையில் படக்கூடாது, "மேலே பாருங்க" என்று சொல்லிக் கீழிமையை லேசாக இழுத்து ஒரே ஒரு சொட்டு, பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் இடைவெளி விட வேண்டும். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், லுத்தரன் சபை, எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தார். காலை ஆறரைக்கு ஒரு ஜோடி, பள்ளி போகிற வழியில் ஒரு ஜோடி, சாயங்காலம் ஒரு ஜோடி என்று முறை போட்டோம்.

அப்படி ஒரு வீட்டுச் சமையல்கார அம்மாவுக்கு மருந்து விட இரண்டு பெண்பிள்ளைகள் மூன்று வாரம் போனார்கள். வீட்டு ஆச்சி முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் வாரம் பேசவில்லை. இரண்டாம் வாரம், "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை ஆச்சி, நான் மாதா கோயில், இவ சபை" என்றார்களாம். மூன்றாம் வாரம் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் தட்டில் வந்தது. இந்த ஆச்சி பிறகும் வருவார், அதனால் சொல்லி வைக்கிறேன்.

சரி, மதமாற்றச் சந்தேகம். அது வரும். வந்தால் கோபப்படாதீர்கள், சந்தேகப்பட அவர்களுக்கும் காரணங்கள் இருக்கின்றன. எங்கள் முடிவு கறாரானது: முகாமில், நோயாளி வீட்டில், கஞ்சி ஊற்றுகிற இடத்தில் கைப்பிரதி கிடையாது, ஜெபம் கிடையாது, பேனரில் வசனம் கிடையாது. அவர்களாகவே "எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் மட்டும், எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து வேண்டிக்கொள்வோம். இதற்கு எங்கள் நாலு சபையிலும் எதிர்ப்பு இருந்தது. ஒரு பாஸ்டர், "சுவிசேஷம் சொல்லாமல் சோறு மட்டும் போட நான் ஹோட்டல்காரனா?" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு அது அழைப்பு. இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவன் காயத்துக்கு எண்ணெய் வார்த்தபோது ஏதாவது கேட்டானா என்று எங்கள் ஐயர் திருப்பிக் கேட்டார். விவாதம் அன்றைக்கு முடியவில்லை. ஆனால் பாஸ்டர் விதிக்குக் கட்டுப்பட்டார், இன்றுவரை. அவரை நான் மதிக்கிறேன்.

இந்த மண்ணில் நமக்கு இதில் ஒரு முன்னோடியும் உண்டு. குன்றக்குடி அடிகளார் சைவ மடத்தின் தலைவராக இருந்தவர். 1982-இல் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவர் கலவரம் வந்தபோது அங்கே போய் இரு பக்கமும் அமைதி பேசியவர். அவர் வாழ்ந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் அக்கம்பக்கத்தாரைச் சந்தேகத்தோடு பார்த்தால் அது நம் குறை. வேலை தொடங்கும் முன்பே ஊர்ப் பெரியவர்கள், கோவில் காரியக்காரர்கள், ஜமாத்தார் எல்லாரையும் போய்ப் பார்த்து, என்ன செய்யப்போகிறோம், என்ன செய்யமாட்டோம் என்று வாயால் சொல்லிவிடுங்கள். கடிதம் கொடுத்தால் போதாது.

வருஷத்தை எப்படி ஓட்டுவது? ஊரில் ஏற்கெனவே இருக்கிற நாட்களோடு சேர்த்துக் கட்டுங்கள். தனியாக நாள் கண்டுபிடித்தால் கூட்டம் வராது. ஜனவரி 18 முதல் 25 வரை உலகின் பல நாடுகளில் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். 1908-இல் தொடங்கிய பழக்கம். நீங்கள் ஐக்கியம் என்கிறீர்கள், ஆர்.சி. பங்கில் ஒன்றிப்பு என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில், ஒரு மணி நேரத்துக்குள், பத்துப் பேர் போதும். சில வருஷம் அதே நாட்களில் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடப்பார்கள். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகிற கூட்டம். நாங்கள் ரோட்டோரத்தில் மோர்ப் பந்தல் போடுகிறோம். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் வரும்போது, அதே இடத்தில் பந்தல் போடுவது எங்கள் ஊர் இந்து இளைஞர்கள். யாரும் பேசி முடிவு செய்ததில்லை. பந்தல் கால் அங்கேயே நட்டு இருந்தது, அவர்கள் கீற்றைப் போட்டுக்கொண்டார்கள்.

மார்ச் முதல் வெள்ளி, பெண்களின் உலக ஜெப நாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிய ஜெபமுறையை உலகம் முழுக்கப் பயன்படுத்துவார்கள். அதைப் பெண்களிடம் முழுக்க விட்டுவிடுங்கள். போதகர்கள் முன்வரிசைக்கு வரவேண்டாம். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கமும் ஆர்.சி. பங்கின் மரியாயின் சேனைப் பெண்களும் சேர்ந்து செய்த மூன்றே கூட்டங்களில், ஆண்கள் மூன்று வருஷமாகத் தீர்க்காததைத் தீர்த்தார்கள். எந்தப் பாட்டுப் புத்தகம் என்ற சண்டை அது. இரண்டிலும் இருக்கிற பாட்டுகளை எண்ணி, தனியாக டைப் அடித்து, ஜெராக்ஸ் போட்டுவிட்டார்கள்.

மொழிச் சிக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. இது சின்ன விஷயம் இல்லை. ஆர்.சி. மக்களுக்கு "ஆயர்" என்றால் மறைமாவட்டத் தலைவர். எங்கள் சபைகளில் சில இடங்களில் சாதாரணப் போதகரையே ஆயர் என்போம், மேலே இருப்பவர் பேராயர். அவர்களுக்குப் பேராயர் என்றால் அதற்கும் மேலே. ஒருமுறை "ஆயர் வருகிறார்" என்று எங்கள் பையன் போனில் சொல்ல, பங்கில் சிவகங்கையிலிருந்து ஆயரே வருகிறார் என்று மாலை வாங்கிவிட்டார்கள். அவர்கள் தவக்காலம் என்பது நமக்கு லெந்து, தூய ஆவி நமக்குப் பரிசுத்த ஆவி, நற்கருணை நமக்குத் திருவிருந்து. 1995-இல் வந்த திருவிவிலியம் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. ஆனால் எங்கள் பெரியவர்களுக்குப் பழைய வேதாகமத் தமிழ்தான் வாயில் வரும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை என்ன செய்வது என்று எங்களுக்கும் வந்தது. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஒரு பாதி, "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று மறுபாதி, ஒரே நேரத்தில். முதல் நாள் சந்தைக்கடை மாதிரி இருந்தது. இன்னொன்று, ஆர்.சி. மக்கள் "தீமையிலிருந்து" என்கிற வரியோடு முடித்துவிடுவார்கள். நாங்கள் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடர்வோம். இப்போது அவர்கள் முடித்ததும் பேசாமல் நின்று, நாங்கள் முடிக்கும்வரை காத்திருந்து, ஆமென் மட்டும் எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். மாற்றிச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

அதேபோலத் திருவிருந்தைச் சேர்ந்து நடத்த ஆசைப்படாதீர்கள். ஆர்.சி. திருச்சபையின் ஒழுங்கு அதை அனுமதிப்பதில்லை. ஆசையில் கேட்டு ஃபாதரைச் சங்கடத்தில் வைக்க வேண்டாம். வசனம் வாசிப்பு, பாட்டு, மன்றாட்டு, இதுவே நிறைய. ஞானஸ்நானம் குழந்தைக்கா பெரியவர்களுக்கா, மாதாவிடம் வேண்டுதல் சரியா என்கிற விவாதங்களும் அப்படியே. முக்கியமான கேள்விகள்தான், ஆனால் அவற்றை முதல் வருஷத்தில் தீர்க்க முடியாது. 1964-இல் ஆர்.சி. ஆயர்களின் பெருங்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்புக்குக் கதவு திறப்பதற்கு முன் நிலைமை என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. என் மனைவியின் பாட்டி எங்கள் கோவிலைக் கடைசிவரை "பதிதர் கோவில்" என்றுதான் சொன்னார், விசுவாசம் தவறியவர்களின் கோவில் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தால் வாய் நிறையப் பேசுவார், கோவில் வாசலைத் தாண்டமாட்டார். அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1947 ஜூனில். பல சபைகள் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனது அதே வருஷம் செப்டம்பர் 27-இல். இரண்டுக்கும் ஒரே வருஷம் என்பதை எங்கள் ஊரில் எழுபது ஆண்டாக யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

கோடையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி தனித்தனியாகவே நடக்கட்டும். ஊரணி தூர் வாருவது போன்ற வேலையை மட்டும், ஊராட்சியின் அனுமதியோடு, சேர்ந்து செய்யுங்கள். ஜூனில் நோட்டுப் புத்தகம், செப்டம்பரில் ரத்ததானம் எல்லாம் எல்லாரும் செய்வதுதான், அதை விரித்து எழுதவில்லை. டிசம்பர் கேரலுக்கு ஒரு யோசனை மட்டும்: ஐந்து சபை ஐந்து நாள் ஒரே வீட்டுக் கதவைத் தட்டாமல், தெருவைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர்தான் எங்களுக்கு மறக்கமுடியாதது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், பெந்தெகொஸ்தே சகோதரர் ஒருவரின் அப்பா இறந்துபோனார். அவர்களுக்குச் சொந்தமாகக் கல்லறைத் தோட்டம் இல்லை. உடல் வீட்டில், மழை நிற்கவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் மகன் வாசலில் நின்றார். எங்கள் சபைக் கமிட்டி ராத்திரி ஒன்பது மணிக்குக் கூடியது. "உறுப்பினர் இல்லாதவருக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள்" என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதிலும் அர்த்தம் உண்டு, எங்கள் இடமே நெருக்கடி. பதினொரு மணிக்கு, கிழக்கு மதிலோரம் ஓர் இடம் தருவதாக முடிவானது. குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. ஆர்.சி. இளைஞர்கள் இரண்டு மோட்டார் கொண்டுவந்து இறைத்தார்கள். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் மூன்று சபைக்காரர்கள் இருந்தார்கள். அடக்க ஜெபத்தைப் பாஸ்டர் செய்தார், எங்கள் ஐயர் குடை பிடித்தார். சாதியைப் பற்றிய பேச்சு எங்கள் கூட்டத்தில் முதல்முறையாக வந்தது அதற்கு அடுத்த மாதம். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதியைப் பிரிக்கிற உள்மதில் ஒன்று இருக்கிறது, அதை இடிப்பதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இடிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பணத்துக்கு வருவோம். வெளியூர் நன்கொடை, வெளிநாட்டுப் பணம் எதுவும் வேண்டாம். வெளிநாட்டுப் பணத்துக்குத் தனிச் சட்டம், கணக்கு, அனுமதி எல்லாம் இருக்கிறது. அதைவிட, அந்தப் பணம் வந்ததும் வேலை மாறிவிடும். மாதம் ஒரு ஞாயிறு ஒவ்வொரு சபையிலும் ஒரு தனி உண்டியல். பெரிய சபை, சிறிய சபை என்று பங்கு வைக்காதீர்கள், வந்ததைக் கொடுக்கட்டும். இரண்டு பேர் கையெழுத்தில், வேறு வேறு சபைக்காரர்கள், பாங்கில் போடுங்கள். மாதாமாதம் வரவு செலவை எல்லா அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். எங்களிடம் ஒருமுறை ஒருவர் சபைப் பணத்தோடு இதைக் கலந்து செலவழித்துவிட்டார். திருட்டு இல்லை, அசட்டை. சரிசெய்ய எட்டு மாதம் ஆனது.

இன்னொரு எச்சரிக்கை: ஆட்களை இழுப்பது. சேர்ந்து வேலை செய்யும்போது ஒரு சபைப் பையனுக்கு இன்னொரு சபையின் பாட்டோ பிரசங்கமோ பிடித்துப்போகும். அவன் தானாகப் போனால் அது அவன் விருப்பம். ஆனால் பொது வேலையில் பார்த்த குடும்பத்தைத் தங்கள் கூட்டத்துக்கு அழைப்பதில்லை என்று தலைவர்கள் ஆரம்பத்திலேயே வாக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். ஐக்கியங்கள் உடைவதை நான் இரண்டு ஊரில் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் காரணம் இதுதான்.

கடைசியாகப் பெரிய வெள்ளி. உங்களுக்கு முதல் வருஷத்தில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனை முடிந்து மக்கள் பட்டினியாக வெளியே வருகிற நேரத்தில், எல்லாருக்கும், தெருவில் போகிறவருக்கும் சேர்த்து, கஞ்சியும் பருப்புத் துவையலும். ஆர்.சி. கோவிலும் எங்கள் கோவிலும் வேறு வேறு நேரத்தில் முடியும், அதனால் அடுப்பை மாலைவரை அணைக்கக்கூடாது. முதல் வருஷம் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று வாங்கியிருந்தோம், ஆனால் பாத்திரம் இல்லை. வாடகைக் கடையில் எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டது. அந்தச் சொட்டு மருந்துப் பிள்ளைகள் இரண்டும் ஆச்சி வீட்டுக்குப் போய்க் கேட்டன. ஆச்சி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு இரண்டாங்கட்டுக்குப் போய்ப் பாத்திர அறையைத் திறந்தாராம். விளிம்பில் அவர் அம்மா வீட்டு இனிஷியல் வெட்டிய பித்தளை அண்டாக்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. "எத்தனை பேருக்கு?" என்று கேட்டார். முந்நூறு இருக்கும் ஆச்சி என்றதும், எடுத்த அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இது பத்தாது. அந்தப் பெருசை உருட்டுங்க. உள்ளே ஈயம் பூசி ரெண்டு வருஷம்தான் ஆச்சு. புளி போட்டுத் தேய்ச்சுக் கொண்டாரணும்" என்றார்.

அந்த அண்டாதான் வருஷாவருஷம் வருகிறது. நாலு பேர் தூக்க வேண்டும், சபைக்கு ஒருவராகத்தான் அனுப்புகிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாத்திர அறை கட்டாயம் இருக்கும். ஆனால் பங்குனி, சித்திரையில் வீட்டுக் கல்யாணங்களுக்கே அண்டா தேவைப்படும், அதனால் மாசியிலேயே போய்க் கேட்டு வைத்துவிடுங்கள்.